சனிக்கிழமை இரவுச் சீட்டு

“நண்பர்கள்தாமே, சிறு தொகைதானே” என்கின்றனர், இஷாவுக்குப் பின் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து விடியும்வரை ரம்மி ஆடும் நம் கனவான்கள். புள்ளிக்கு ஒரு ரூபாய் என்றே கொள்வோம். முழுக் கையும் மாட்டிக்கொண்டால் 80 ரூபாய். ஓர் இரவில் எத்தனை ஆட்டம்!

ரம்மி பெரும்பாலும் திறமையின்பாற்பட்டது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியதை இவர்கள் எடுத்துக்காட்டுவர். அத்தீர்ப்பே மூன்று சீட்டை வேறாகப் பிரித்தது. (நள்ளிரவுக்குப் பின் ஆடுவது எதுவென்று நாம் கேட்கவில்லை.) திறமையென்றே ஒப்புவோம். அப்படியாயின், திறமை மிக்கவர் வாரந்தோறும் திறமை குறைந்த தம் நண்பரின் பையைக் காலி செய்கிறார் என்றல்லவா ஆகிறது? கிளப்பில் எதிரே இருப்பவன் அந்நியன். இங்கோ, பிரியாணி பரிமாறிய கையே பணத்தையும் வாருகிறது.

அறியாமைக் காலத்து அரபியரின் மைசிரும் நண்பர் கூட்டமே. ஒட்டகத்தை அறுத்து, 10 அம்புகளைக் கலந்து எடுப்பர்; 7 அம்புகளுக்குப் பங்குண்டு, 3 வெறும் அம்புகள். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்கு ஈந்து பெருமை கொள்வர். அத்தனை ஈகையோடு நடந்ததையே திருமறை (5:90) மதுவோடு சேர்த்து விலக்கிற்று. நம் கூடத்து ஆட்டத்தால் எந்த ஏழையின் அடுப்பு எரிந்தது?

நாமும் ஒருகால் அவ்வட்டத்தில் அமர்ந்தவரே. தோற்ற நண்பர் எழ முயன்றபோது “இன்னும் ஒரு கை” என்று தடுத்தோம். அவர் இழந்தது மகளின் பள்ளிக் கட்டணம் என்பதைப் பின்னரே அறிந்தோம். திருப்பிக் கொடுக்கச் சென்றோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். ஆட்டக் கடன் மானக் கடனாம்!