வலி போனாலும் மாத்திரையை நிறுத்தாதீர்

“டீச்சர், அம்மாவுக்கு இரைப்பையில் புண். கிளினிக்கில் 14 நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே வலி போய்விட்டது. மீதியை எடுத்து வைத்துவிட்டார்” என்றாள் என் படிவம் நான்கு மாணவி. மாத்திரையோடு கிருமியும் மிஞ்சியிருக்குமே என்பதுதான் என் பயம்.

மன உளைச்சலும் அமிலமுமே இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-இல் நோயாளிகளின் இரைப்பைத் திசுவிலிருந்து ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். பலர் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி வந்தது. இரைப்பை அழற்சியும் உறுதியானது. 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

அமிலத்தில் இந்தக் கிருமி எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அது சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்குகிறது. பிறகு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. அங்கே மருந்து எளிதில் எட்டாது. அதனால்தான் வழக்கமாகக் குறைந்தது இரண்டு அண்டிபயாட்டிக் மருந்துகளோடு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தும் தருகிறார்கள்.

அமிலம் குறைந்தாலே வலி குறையும். கிருமி செத்ததற்கு அது சாட்சி ஆகாது. பாதியில் நிறுத்தினால் தாக்குப்பிடித்த கிருமிகள் மீண்டும் பெருகும். அடுத்த முறை அதே மருந்து பலிக்காமல் போகலாம். கிளாரித்ரோமைசின் என்ற மருந்துக்கு அடங்காத பைலோரி கிருமிகள் இன்று பல நாடுகளில் பெருகிவிட்டன.

மருந்து வயிற்றைக் கலக்குகிறது, வாய் கசக்கிறது என்று நிறுத்துவோரும் உண்டு. சிரமம் உண்மைதான். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மிஞ்சிய மாத்திரையை உறவினருக்கும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளாலும் புண் வரும். அதற்குக் காரணம் கிருமி இல்லை என்றால் அண்டிபயாட்டிக் எதற்கு? சுவாசப் பரிசோதனை போன்றவை கிருமி உண்டா என்று காட்டிவிடும்.

“அம்மாவை மறுபடியும் கிளினிக்குக் கூட்டிப் போ. அடுத்து என்ன செய்வதென்று மருத்துவர் சொல்லட்டும்” என்றேன் அவளிடம். மாணவர்களே, உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியையும் இன்று திறந்து பாருங்கள். பாதியில் நின்ற அண்டிபயாட்டிக் அட்டை இருந்தால், வீட்டில் இதைப் பேசுங்கள்.