மலையைத் தூக்கினவர் திரும்ப வைத்தாரா?



போன வாரம் சாப்பாட்டு பெல் அடித்ததும் எங்கள் வகுப்புப் பசங்களுக்குள்ளே பெரிய சண்டை. பேனாவைக் காணோம் என்ற சண்டை இல்லை. "கல்லையும் மண்ணையும் ஆட்டிப் படைக்கிற சக்தி யாருக்கு அதிகம்?" என்ற சண்டை. ஒருத்தன் ஆஞ்சநேயர் என்றான். ஒருத்தன் கோவர்த்தன மலையை விரலில் தூக்கிய கிருஷ்ணர் என்றான். இன்னொருத்தன் இங்கிலீஷ் படத்தில் உடம்பு முழுக்கப் பாறையாக வருவாரே, அந்த 'திங்' என்றான். ராவணனுக்கும் ஒரு ஓட்டு விழுந்தது. சத்துணவு முட்டை ஆறிப் போனதுகூடத் தெரியாமல் பேசினார்கள்.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். எவ்வளவு பெரிய மலை? எவ்வளவு உயரம் தூக்கினார்? நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கருத்தை யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தூக்குவது பாதி வேலைதான். எதுக்காகத் தூக்கினார், வேலை முடிந்ததும் என்ன செய்தார், இந்த இரண்டையும் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும். முதல் கேள்விக்கு 50, இரண்டாவது கேள்விக்கு 50. இப்படிச் சொல்ல நம்ம ஊரிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு விஷயம். சாமிக்கு மார்க் போட இவ யாரு என்று கோவிச்சுக்காதீங்க. நானும் சனிக்கிழமை ஆனால் கோயிலுக்குப் போகிறவள்தான். இங்கே அவர்களைக் கதையில் வருகிறவர்களாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆஞ்சநேயர். போரில் எல்லோரும் மயங்கிக் கிடந்தபோது, மூலிகை எதுவென்று தேட நேரமில்லாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தார். காலண்டரில் எல்லாம் ஒரு கையில் மலையோடு பறப்பார். ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தை யாரும் சொல்வதில்லை. மருந்து வேலை செய்து எல்லோரும் எழுந்த பிறகு, அந்த மலையை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அந்தப் படத்தை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை.

அப்படி வைத்துவிட்டு வரும்போதுதான் நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து ஒரு சாளக்கிராமக் கல்லை எடுத்து வந்தாராம். வழியில் நாமக்கல் கமலாலயக் குளத்தில் குளிக்க அதைக் கீழே வைத்தார். திரும்பி வந்து தூக்கினால் அசையவில்லை. அந்தக் கல்தான் வளர்ந்து நாமக்கல் மலை ஆச்சு என்று எங்கள் அப்பிச்சி சொல்வார். உச்சியில் கோட்டையோடு ஒரே பாறையாக நிற்கிறதே, அதுதான். எதிரே 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேலே கூரை இல்லாமல், கை கூப்பி நிற்கிறார். மலையையே தூக்கினவர், ஒரு கல் "நான் வரலை" என்றதும் கும்பிட்டு நின்றுவிட்டார். எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே அதுதான். நூற்றுக்கு நூறு.

அடுத்தது கிருஷ்ணர். ஊரே மழையில் அழிய இருந்தபோது ஆடு, மாடு, மனுஷர் எல்லோரையும் காப்பாற்ற மலையைக் குடையாகப் பிடித்தார். 7 நாள் பிடித்தார். மழை நின்றதும் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, மலையை இருந்த இடத்திலேயே இறக்கினார். அவருக்கும் நூறு.

இடும்பனை நம் பசங்கள் மறந்தே போய்விட்டார்கள். அகத்தியர் சொன்னதற்காக சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் ஒரே கம்பில் கட்டித் தோளில் சுமந்து வந்தவர் அவர். தைப்பூசத்துக்கு எடப்பாடிப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறார்களே, அந்தக் காவடிக்கெல்லாம் முதல் காவடி அதுதான். தோள் வலித்துப் பழனியில் இறக்கி வைத்தார். மறுபடி தூக்க முடியவில்லை. பெருமைக்காகத் தூக்கவில்லை, குருவுக்காகச் சுமந்தார். சுமை தூக்குகிறவர்கள் எல்லோர் சார்பிலும் அவருக்கு 90.

ராவணன் விஷயத்துக்கு வருவோம். கயிலாய மலை வழியில் இடைஞ்சலாக இருந்தது என்று பெயர்த்து எறியப் பார்த்தார். யாரையும் காப்பாற்ற இல்லை, நம்மால் முடியும் என்று காட்டத்தான். சிவபெருமான் கால் விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். மலை பழைய இடத்தில் உட்கார்ந்தது, கை அடியில் மாட்டிக்கொண்டது. இவர் வைக்கவில்லை, வைக்க வைத்தார்கள். பலத்துக்காக மட்டும் 35. ஜஸ்ட் பாஸ்.

அன்றைக்குப் பசங்கள் சொன்ன பட்டியலில் ஒரு பெண் பேர்கூட இல்லை. அதையும் கவனித்தேன். அதனால் இரண்டு பேரை நான் சேர்க்கிறேன்.

ஒருத்தி கொல்லிப்பாவை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறோமே, வல்வில் ஓரி ஆண்ட நம்ம கொல்லிமலை, அங்கே இருப்பவள். குறுந்தொகை, நற்றிணை போன்ற சங்கப் பாட்டுகளிலேயே அவள் வருகிறாள் என்று தமிழம்மா சொன்னார். காற்று அடித்தாலும், இடி விழுந்தாலும், பூமியே அதிர்ந்தாலும் உருக்குலையாத பாவை. கெட்ட எண்ணத்தோடு மலைக்கு வருகிறவர்களைச் சிரித்தே முடித்துவிடுவாள் என்று கதை. எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவை கோயில் என்றே இன்றும் சொல்கிறார்கள். அவள் எதையும் தூக்கவே இல்லை. மலை மலையாக இருக்கட்டும் என்று காவல் நின்றாள். தூக்காதவள் திரும்ப வைக்க வேண்டிய அவசியமே இல்லையே! நூறு.

இன்னொருத்தி 'அவதார்' என்ற கார்ட்டூனில் வரும் டாஃப். 2005-லிருந்து 2008 வரைக்கும் வந்த தொடர் அது. பெரியம்மா பொண்ணு செல்லில் பார்த்தேன். டாஃபுக்கு 12 வயசு, கண் தெரியாது. ஆனால் மண்ணும் பாறையும் அவள் சொன்னபடி கேட்கும். எப்படிக் கற்றுக்கொண்டாள் தெரியுமா? மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற, கண் தெரியாத மிருகங்களிடம் கற்றுக்கொண்டாள். வெறுங்காலைத் தரையில் ஊன்றினால், தூரத்தில் யார் நடந்தாலும் அதிர்வை வைத்தே சொல்லிவிடுவாள். மற்றவர்கள் மண்ணுக்கு ஆர்டர் போடுகிறார்கள். இவள் முதலில் மண்ணு என்ன சொல்கிறது என்று கேட்கிறாள். அதனால்தான் அவளுக்கு 95.

இதை எங்கள் மாமாவிடம் சொன்னேன். மாமா திருச்செங்கோட்டு போர் வண்டியில் வேலை செய்கிறார். அந்த வண்டிகள் வடநாடு வரைக்கும் போகிறது உங்களுக்கே தெரியும். கம்ப்ரசர் காற்றில் அடியிலே ஹேமர் அடிக்க அடிக்க, ராடு ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பாறைக்குள் இறங்கும். வெளியே வருகிற தூளைக் கையில் வாங்கிப் பார்த்தே என்ன பாறை என்று மாமா சொல்லிவிடுவார். டாஃப் கதையைக் கேட்டதும் சிரித்தார். "அட, அது நம்ம பொழப்பு கண்ணு! பாறை மாறுனா காலுக்கடியில அதிர்வு மாறுமே, அதை வெச்சுத்தான் நாங்களும் கண்டுபிடிக்கறோம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதையில் வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும் அந்தச் சக்தி வந்துவிட்டது. அப்பிச்சி காலத்தில் கிணறு வெட்ட மாதக்கணக்கில் ஆகும். இப்போது ஒரே ராத்திரியில் பாறையைத் துளைத்துவிடுகிறோம். அப்படியானால் அதே இரண்டு கேள்வியை நம்மையும் கேட்க வேண்டும் இல்லையா? எதுக்குத் துளைக்கிறோம் என்ற கேள்விக்கு நாம் பாஸ். குடிக்கவும் காட்டுக்குப் பாய்ச்சவும் தண்ணீர் வேண்டும். வேலை முடிந்ததும் என்ன செய்கிறோம் என்ற கேள்வியில்தான் ஃபெயில்.

2019 அக்டோபர் 25-ஆம் தேதி, மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயசுப் பையன் ஒருவன் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டான். அந்த வருஷம் தீபாவளி அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் பட்டாசைத் தொடவில்லை. எல்லோரும் டிவி முன்னாடியே உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டப் பெரிய பெரிய ரிக் எல்லாம் வந்தது. அடியில் பாறை இறுகிக் கிடந்ததால் வேகமாகத் தோண்ட முடியவில்லை. 29-ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் குழந்தையை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். அம்மா என் தம்பியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அப்போது நான் சின்னப் பிள்ளை. பாறை ஏன் விடமாட்டேங்குது என்று கேட்டேன். இப்போது யோசித்தால் பாறை மேல் தப்பு இல்லை. துளை போட்டவர்கள் மூடாமல் போனதுதான் தப்பு.

இப்போது நம்ம ஊர் விஷயம். பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழியில் வருகிறவர்களுக்குத் தெரியும், வழியில் ஒரு காட்டில் தண்ணி வராத போர் ஒன்று இருக்கிறது. யாருடைய காடு என்று எழுதவில்லை. எழுதினால் சண்டை வரும். வெறும் புகைதான் வந்தது என்று கேசிங் பைப்பை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். வாயில் ஒரு சாக்கு, சாக்கு மேலே ஒரு கல். அவ்வளவுதான் மூடி.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அந்தச் சாக்கை விலக்கிக் கல்லைப் போட்டுப் பார்த்தவள்தான். நாலு எண்ணியதும் சத்தம் கேட்டது. அப்போது விளையாட்டாக இருந்தது. பிறகு அறிவியல் வகுப்பில் சார் இயக்கச் சமன்பாடு நடத்தினார். அரை, பெருக்கல் 10, பெருக்கல் 4, பெருக்கல் 4. விடை 80 மீட்டர். கல் சுவரில் இடித்துக்கொண்டே போவதால் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய நாமக்கல் மலையின் உயரம்! மலையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு குழி. அதன் விளிம்பில் நான் குனிந்து நின்றிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் கல் போடுகிற விளையாட்டை என் தம்பிக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

பாறையில் போடுகிற துளை ஆறரை அங்குலம்தானே, அதில் யார் விழப் போகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். மாமாவிடம் கேட்டேன். கேசிங் இறக்குவதற்காக மேல் மண்ணில் இன்னும் அகலமாகத்தான் துளை போடுவார்களாம். கேசிங்கை உருவிவிட்டால் மழைக்கு மண் சரிந்து சரிந்து, வாய் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போகுமாம். "போடறதுக்கு ஒரு ராத்திரி, மூடறதுக்கு அரை நாள். அந்த அரை நாளுக்குக் காசு குடுக்கத்தான் யாருக்கும் மனசு வர்றதில்ல" என்றார்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2010-லேயே உச்ச நீதிமன்றம் விதிமுறை சொல்லிவிட்டது. போர் போடும்போது சுற்றிலும் வேலியும் எச்சரிக்கை போர்டும் வைக்க வேண்டும். பயன்படுத்துகிற போருக்கு இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்க வேண்டும். கைவிட்ட போரைக் களிமண், மணல், கல் போட்டு அடியிலிருந்து தரை மட்டம் வரைக்கும் நிரப்ப வேண்டும். சாக்கு போட்டால் போதும் என்று எதிலும் இல்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது மூன்றே விஷயம். தம்பி, தங்கைகளே, அந்தக் குழிப் பக்கம் போகாதீர்கள், கல்லும் போடாதீர்கள். அண்ணன், அக்காமார்களே, உங்கள் தெருவிலோ காட்டிலோ இப்படி ஒரு குழி இருந்தால் இந்தத் தாளுக்குக் கீழே இடம் மட்டும் எழுதுங்கள், யார் பேரும் வேண்டாம். ஆசிரியர்களே, நாங்கள் சொன்னால் "சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள். நீங்கள் அந்தப் பட்டியலைப் பஞ்சாயத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்தால் கேட்பார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை நடக்கிறது. அதில் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் நான் படிக்கிறேன்.

சண்டை போட்ட பசங்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் யாருக்கும் மலையைத் தூக்குகிற சக்தி கிடையாது. மண் கூடை தூக்குகிற சக்தி இருக்கிறது. பெரியவர்கள் அந்தக் குழியை மூடுகிற அன்றைக்கு, தள்ளி நின்று கூடையை எடுத்துக் கொடுக்க நான் போவேன். யாருக்குச் சக்தி அதிகம் என்று அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், வாருங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி