மேசையின் மறுபக்கத்துக்கும் நெறி வேண்டும்

கல்லூரி ஆசிரியர் பணிக்கு நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. இஸ்திரி போட்ட உடையில் போக வேண்டும், அனுமதி கேட்டு உள்ளே நுழைய வேண்டும், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும், சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் ஐந்தாறு பேர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. வேலை கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. எதிரே இருப்பவரோ எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியே தீர வேண்டிய நிலையில் இருக்கிறார். நெறிமுறை முதலில் தேவைப்படுவது அதிகாரம் உள்ள பக்கத்துக்குத்தான். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தேர்வுக் குழுவினருக்கான நடத்தை விதிகளை எழுதி வெளியிட வேண்டும். அடுத்த நேர்காணலுக்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.

மரியாதை தெரிந்தவர்கள் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக்கூடிய விஷயமல்ல இது. 2010ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகள் உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தன: கல்வித் தகுதிக்கும் ஆராய்ச்சிக்கும் 50 விழுக்காடு, பாட அறிவுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் 30, நேர்காணலுக்கு 20. 2018 ஜூலையில் வந்த விதிகள் அந்தக் கணக்கை எடுத்துவிட்டன. படிப்பு, ஆராய்ச்சிக் கட்டுரை, நெட், அனுபவம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடப்படும் மதிப்பெண், யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று முடிவு செய்ய மட்டுமே பயன்படும். தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலை வைத்தே நடக்கும். ஒருவரின் பத்து, பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அவரை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்கு மேல் அந்த அறையில் கழியும் நிமிடங்களே அவர் வாழ்க்கையை முடிவு செய்கின்றன. அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு வந்திருப்பதால் அங்கே நேர்காணலின் பிடி தளர்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும் அந்தப் பிடி இறுக்கமாகவே இருக்கிறது.

அறைக்குள் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் 'சொந்த ஊர் எது?' என்பதுதான். கேட்பவர் பதற்றத்தைத் தணிக்கக்கூட அப்படிக் கேட்கலாம். ஊர் பெயரைச் சொன்னதும், ஊருக்குள்ளேயா பக்கத்துக் கிராமமா, அப்பா பெயர் என்ன, என்ன செய்கிறார், எந்தப் பள்ளியில் படித்தீர்கள், விடுதியில் தங்கிப் படித்தீர்களா என்று கேள்விகள் நீளும்போது அது எங்கே போகிறது என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேட்கப்படுபவருக்கு அது இன்னும் நன்றாகவே தெரியும். அவருடைய வகுப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு இருக்கிறது. இடஒதுக்கீட்டுக்கு அது போதும். அதற்கு மேல் வாயால் சொல்ல வைப்பது எதற்காக? வேதியியல் கற்பிக்க வந்தவரிடம் அவருடைய தெருவைப் பற்றிக் கேட்க எந்தப் பாட வல்லுநருக்கும் உரிமையில்லை.

பெண்களுக்குக் கேள்விகள் வேறு தினுசில் வரும். கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால், ஆனதும் வேலையை விட்டுவிடுவீர்களா? ஆகிவிட்டது என்றால், கணவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார், குழந்தை எத்தனை, அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதே அறையில் இதே நாளில் வந்த ஓர் ஆணிடம், 'பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவார்கள்?' என்று கேட்பதில்லை. ஆள் எடுக்கும் கட்டத்திலேயே பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் 4 விழுக்காடு இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த இடத்துக்கு வந்தவரை லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு வரவழைத்து, 'எப்படிப் படியேறி வகுப்புக்குப் போவீர்கள்?' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? சாய்தளம் கட்ட வேண்டிய கடமை நிர்வாகத்துடையது. பதில் சொல்ல வேண்டியதும் நிர்வாகமே.

தமிழ்வழியில் படித்து வந்தவரின் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வகுப்பெடுக்கத் தெரியுமா என்று சோதிப்பது நியாயமான சோதனை. சிரிப்பது சோதனையில் சேராது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு வரும் எந்தப் பதிலும் அந்த மனிதரின் உண்மையான அறிவைக் காட்டப் போவதில்லை என்பதைக் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர்கள் உணராமல் இருப்பதுதான் வேதனை.

நாம் சொல்வது புதிய புகார் அல்ல. 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பளித்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கு அது. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் ஒதுக்கினார்கள், பெற்றோரைப் பற்றியும் வசிப்பிடத்தைப் பற்றியும் கேட்டார்கள், பாடத்தைப் பற்றி அநேகமாக எதுவுமே கேட்கவில்லை என்பது மாணவர்களின் முறையீடு. நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு, மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்குக் கொடுப்பது தன்னிச்சையானது என்றது. அத்தகைய சேர்க்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே லீலா தர் வழக்கில், முதிர்ச்சி அடைந்தவர்களை வேலைக்கு எடுக்கும்போது நேர்காணலுக்குக் கூடுதல் இடம் தரலாம் என்று அதே நீதிமன்றம் விளக்கியதையும் மறைக்க வேண்டியதில்லை. சட்டப்படி நேர்காணலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பது வேறு விவாதம். மூன்று நிமிடத்தில் ஊரும் குடும்பமும் விசாரித்து அனுப்புவதை எந்தத் தீர்ப்பும் நியாயப்படுத்தவில்லை.

அப்படியானால் நேர்காணலையே எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை நிறுத்திவிட்டதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆசிரியர் பணிக்கு அது பொருந்தாது என்றே நாம் கருதுகிறோம். ஆசிரியராக வரப்போகிறவர் பேசுவதைக் கேட்க வேண்டும். ஒரு கடினமான கருத்தை இரண்டாமாண்டு மாணவருக்குப் புரியும்படி அவரால் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வினாத்தாள் இதைக் காட்டாது. 2018 விதிகளிலேயே, நேர்காணல் கட்டத்தில் வகுப்பறைச் சூழலில் ஒரு பாடம் எடுக்கச் சொல்லியோ கருத்தரங்க உரை நிகழ்த்தச் சொல்லியோ திறனை அறியலாம் என்று இடம் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகள் பல டெமோ வகுப்பு வைக்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்கள் அதற்கு நேரமில்லை என்கின்றன. முப்பது ஆண்டு வகுப்பெடுக்கப்போகும் ஒருவருக்காக அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா? ஒரே நாளில் அறுபது பேரை அழைப்பதை நிறுத்தினாலே நேரம் கிடைத்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு மாலை ஆறு மணிக்கு உள்ளே அழைப்பதும் அதே அலட்சியத்திலிருந்து வருவதுதான். நாகர்கோவிலிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்தவர், பச்சைக் குழந்தையைத் தாயிடம் விட்டு வந்தவர், தற்காலிக வேலையில் ஒரு நாள் ஊதியத்தை இழந்து வந்தவர் எல்லோரும் அந்த வராந்தாவில்தான் நிற்கிறார்கள். உள்ளே போனால் குழுவில் ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் விண்ணப்பத்தை அப்போதுதான் முதன்முறையாகப் புரட்டுவார்.

பிறகு வருவது மௌனம். தேர்வாகவில்லை என்று ஒரு வரி மின்னஞ்சல்கூட வராது. முடிவு எட்டப்படாததால் தாமதம் என்று சொல்லவும் வழியில்லை: தேர்வுக் குழு கூடும் அன்றே, அல்லது கூட்டத்தின் கடைசி நாளிலேயே, மதிப்பெண் படிவத்தோடு நடவடிக்கைக் குறிப்பு எழுதி, தேர்வானோர், காத்திருப்போர் பட்டியலில் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. முடிவு கையில் இருக்கும்போதே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டு இடங்களில் இந்த மௌனம் இன்னும் கனமானது. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி இடத்தைக் காலியாக வைப்பது மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும் சர்ச்சையாக இருந்துவருகிறது. நெட் தேர்ச்சி பெற்று, முனைவர் பட்டம் வாங்கி, மதிப்பெண் வரிசையில் மேலே வந்ததால் அழைக்கப்பட்டவரைத் தகுதியற்றவர் என்று எழுதுகிறவர்கள், எதில் தகுதி குறைந்தது என்றும் எழுத வேண்டும். எழுத முடியாத காரணம் காரணமே அல்ல.

தனியார் கல்லூரிகளில் இன்னொரு கேள்வி வேரூன்றிவிட்டது: 'எத்தனை அட்மிஷன் கொண்டு வருவீர்கள்?' கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய் மாணவர் பிடிக்கும் வேலையை நேர்காணல் அறையிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். சேர்ந்த அன்று அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேயே விதிக்கப்படுகிறது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்தது. மாணவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவருக்குப் பாடம் நடத்துபவருக்கு ஏன் இல்லை?

விண்ணப்பதாரர்கள் பக்கமும் குறை உண்டு. குழு உறுப்பினருக்கு முன்னிரவில் யாரையாவது பிடித்துப் போன் போடச் சொல்வது, உழைக்காத கட்டுரையில் பெயரைச் சேர்த்துக்கொண்டு வருவது, சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் கைவிரிப்பது எல்லாம் கண்டிக்க வேண்டியவையே. அவற்றுக்கான தண்டனை உடனே கிடைத்துவிடுகிறது: வேலை கிடைக்காது. குழுவின் தவறுக்குத்தான் இன்றுவரை கேள்வியும் இல்லை, தண்டனையும் இல்லை.

2025 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய வரைவு விதிகளை வெளியிட்டபோது தமிழ்நாடு சட்டப்பேரவை அவற்றை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. துணைவேந்தர் நியமனத்தில் மாநிலத்தின் உரிமை பற்றிய அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் அந்த உரிமை நம் கையில் இருக்கும்போது நேர்காணல் அறைகளை நாம் எப்படி நடத்தினோம் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். நடத்தை விதிகளை எழுத டெல்லியின் அனுமதி தேவையில்லை. மாநில உயர்கல்வி மன்றம் முன்வந்தால் ஒரு மாதத்தில் முடியும்.

அதில் எழுத வேண்டியவற்றில் புதிராக ஒன்றுமில்லை. ஒவ்வொருவருக்கும் குறைந்தது இருபது நிமிடம். அதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பு. ஊர், சாதி, மதம், திருமணம், குழந்தை, குடும்ப வருமானம் பற்றிய கேள்விகளுக்குத் தடை. யாராவது கேட்டால் அவரை நிறுத்தும் பொறுப்பு குழுத் தலைவருடையது. தன்னிடம் ஆராய்ச்சி செய்தவரோ தன் உறவினரோ வரும் நாளில் அந்த வல்லுநர் குழுவிலிருந்து விலகி நிற்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பித்து, குழுவில் அப்பிரிவினர் யாரும் இல்லாவிட்டால் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற 2018 விதியைக் கணக்குக்காக நிறைவேற்றாமல், அவரும் கேள்வி கேட்கவும் மதிப்பெண் போடவும் இடம் தர வேண்டும். அழைப்புக் கடிதத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் குறிக்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

நேர்காணல் முழுவதும் ஒலிப்பதிவாக வேண்டும் என்பதில்தான் பல்கலைக்கழகங்கள் தயங்கும். வல்லுநர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்பார்கள். விண்ணப்பதாரர் வெளியே போன பிறகு குழு தனக்குள் பேசுவதைப் பதிவு செய்யச் சொல்லவில்லை. அவர் உள்ளே இருக்கும் நேரத்தை மட்டும் பதிவு செய்தால் போதும். பதிவை ஓராண்டு வைத்திருந்து, முறையீடு வந்தால் விசாரிப்பவர் கேட்க வழி செய்ய வேண்டும். உச்ச நீதிமன்றம் இதைப் பரிந்துரைத்த 1980இல் ஒலிநாடா வாங்க வேண்டியிருந்தது. இன்று குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதற்கான கருவி இருக்கிறது. விதிகள் தயாரானதும் அவற்றின் ஒரு படியை நேர்காணல் அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பதாரருக்கும் அனுப்ப வேண்டும். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்று அவர் தெரிந்துகொண்டு உள்ளே போகட்டும்.