நோவும் துயரும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகளில் நாரி நோவும் தோள் உளைவும் அன்றாடப் பேச்சாகிவிட்டன. உணவகச் சமையலறைகளில் நாள் முழுவதும் நிற்கும் கால்கள், விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் முதுகுகள், எறிகணைச் சிதறல்களையும் தடுப்புக்காவலில் வாங்கிய அடிகளையும் சுமந்துவந்த உடல்கள் என நோவின் காரணங்கள் பல. குளிசையும் களிம்பும் ஓரளவுக்கு மேல் உதவாத நிலையில், தியான வகுப்பொன்றுக்குச் செல்லுமாறு வைத்தியர் எழுதிக் கொடுக்கிறார். அச்சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருபவரின் மனதில், "என் நோவு பொய்யென்று இவர் நினைக்கிறாரா?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

இக்கேள்வி நியாயமானது. தன் உடற்காயங்களையே சான்றாகக் காட்டித் தஞ்சம் கோரி நிற்கும் ஒருவருக்கு, அவரது நோவைப் பிறர் நம்புவதும் நம்பாததும் வாழ்வைத் தீர்மானிக்கும் விடயமாகும். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தியானத்தால் நோவு தணியக்கூடும் என்பதால் அந்நோவு கற்பனை என்றாகிவிடாது.

காயமுற்ற இடத்திலிருந்து புறப்படும் செய்தி நரம்பு வழியே முள்ளந்தண்டை அடைந்து மூளைக்குச் செல்கிறது. வழியிலேயே அது கூடவும் குறையவும் முடியும் என்ற கோட்பாட்டை ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய அறிஞர்கள் 1965இல் முன்வைத்தனர். அச்சமும் தூக்கமின்மையும் நாளை என்னவாகுமோ என்ற ஏக்கமும் நோவைப் பெருக்க வல்லவை. விசாரணைக் கடிதம் வரவிருக்கும் வாரத்தில் நாரி மேலும் வலித்தால் அது நடிப்பன்று. நரம்பு மண்டலத்தின் இயல்பு. உடலில் தைக்கும் நோவை முதலாவது அம்பாகவும், அதன்மேல் மனம் ஏற்றிக்கொள்ளும் துயரை இரண்டாவது அம்பாகவும் காட்டும் உவமையொன்று பாளி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தில் உண்டு. தியானம் முக்கியமாகத் தணிக்க முயல்வது இந்த இரண்டாவது அம்பின் வேதனையையே.

இதனை வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் ஜோன் கபாட்-சின். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பயிற்சியொன்றை அவர் தொடக்கினார். அதில் மந்திரமோ வழிபாடோ இல்லை. படுத்த நிலையில் கால்விரலில் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்தல், மூச்சைக் கவனித்து அமர்ந்திருத்தல், எளிய யோகாசனங்கள் என்பனவே பயிற்சி. நோகும் இடம் வரும்போது அதனோடு போராடாமலும் அதைவிட்டு ஓடாமலும் உள்ளதை உள்ளபடி கவனிக்கப் பழகுகின்றனர்.

பயன் உண்டா? நாட்பட்ட நாரி நோவுடைய 342 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2016இல் வெளியானது. பயிற்சி தொடங்கி 26 வாரங்களின் பின், தியானப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 61 பேரின் அன்றாடச் செயற்பாடு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றோரில் அது 44 ஆக இருந்தது. ஆயினும் சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியற் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ அதே பயனை அடைந்தனர். அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் நாட்பட்ட நாரி நோவுக்கான மருந்தில்லா வழிகளுள் இதனையும் சேர்த்துக்கொண்டது. இது பலருக்கு ஓரளவு உதவும் ஒரு வழி, எல்லோருக்குமான அருமருந்தன்று.

எச்சரிக்கையும் வேண்டும். கால் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கூடிய முதுகு நோவு ஆகியன உடனடியாக வைத்தியரை நாட வேண்டிய அறிகுறிகள். தியானத்தை நம்பிக் குளிசைகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. சித்திரவதைக்கு உள்ளானவர் கண்களை மூடி அமைதியில் அமரும்போது பழைய சிறையறை மீண்டும் அவர்முன் எழக்கூடும். அத்தகையோர் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்களைத் திறந்தபடி, பாதங்கள் நிலத்தில் பதிவதை உணர்ந்து நடந்தும் பழகலாம். மனம் தாங்காதவிடத்து எழுந்துவிடுவதில் இழுக்கில்லை.

வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள். சித்திரவதைக் காயங்களை முறையாகப் பதிவுசெய்வதற்கென 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. தியான வகுப்புக்கான சீட்டு அப்பதிவுக்கு ஈடாகாது. முதலில் உடலைப் பரிசோதியுங்கள், தழும்புகளை எழுதுங்கள், மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள், அதன்பின் தியானத்தைப் பரிந்துரையுங்கள்.

எமது கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் சங்கங்களுக்கும் மண்டபங்கள் உண்டு. மொழி புரியாத வகுப்பில் தலையாட்டிவிட்டு வரும் முதியோருக்காக, தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு தமிழில் இப்பயிற்சியை வாரமொருமுறை நடத்துவது அவர்களால் முடியாத காரியமன்று. "எமக்குத் தெரியாத தியானமா?" என்ற பெருமையால் எவருடைய நாரி நோவும் தீர்ந்துவிடாது.

இரண்டாவது அம்பின் வேதனையை எம்மால் தணித்துக்கொள்ள முடியும். அதற்காக, முதலாவது அம்பு எவர் கையிலிருந்து வந்தது என்பதை எவரும் மறக்க வேண்டியதில்லை.