கிழிவது திரையல்ல!



தோட்டத்துத் தாய் ஒருவர் கேட்கிறார்: "என் மகன் கணினியில் கார்ப்பந்தயம் விளையாடும்போது, படம் குறுக்கே வெட்டினாற்போல் இரண்டாகிவிடுகிறது. மேற்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம். 'திரை கெட்டுப் போச்சு, புதுசு வாங்கிக் கொடுங்கம்மா' என்கிறான். ஓவர்டைம் பணம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?"

அவசரப்படாதீர்கள் அம்மா! முதலில் ஒன்றைக் கவனியுங்கள். விளையாட்டை மூடிய பிறகும், அசையாத படத்திலும் அந்தக் கோடு அதே இடத்தில் நிற்கிறதா? நின்றால் கடைக்காரரிடம் காட்டுங்கள். படம் வேகமாக ஓடும்போது மட்டும் தோன்றி மறைந்தால், பெரும்பாலும் திரையில் கோளாறு இல்லை.

பின் ஏன் இப்படி? திரை ஒரு படத்தை ஒரே மூச்சில் காட்டுவதில்லை. மேலிருந்து கீழாக, வரி வரியாகக் காட்டுகிறது. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை இப்படிச் செய்கிறது. படத்தைத் தயாரித்துக் கொடுப்பதோ கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அட்டை. அது திரைக்காகக் காத்திருப்பதில்லை; ஒரு படம் தயாரானதும் கொடுத்துவிடுகிறது.

முன்பெல்லாம் ஊரிலிருந்து கடிதம் வந்தால், படித்த பிள்ளை வரி வரியாக வாசிக்க, பாட்டி காது கொடுத்துக் கேட்பார். பாதியில் யாரோ அந்தத் தாளை உருவிவிட்டு வேறு கடிதத்தை வைக்க, பிள்ளையும் விட்ட வரியிலிருந்தே வாசித்தால் என்ன ஆகும்? மேலே அத்தை மகள் கல்யாணம். கீழே பெரியப்பா கருமாதி! திரையில் நடப்பதும் இதுதான்.

இதற்கு மருந்து 'வி-சிங்க்'. செங்குத்து ஒத்திசைவு என்று சொல்லலாம். "கடைசி வரி முடியும்வரை தாளை மாற்றாதே" என்று அட்டைக்கு இடும் கட்டளை அது. பழைய தொலைக்காட்சியில் படம் மேலும் கீழும் உருண்டால் ஒரு குமிழைத் திருகி நிறுத்துவோமே, அதுவும் இந்த ஒத்திசைவைச் சரிசெய்யத்தான்.

விளையாட்டின் செட்டிங்ஸில், கிராபிக்ஸ் அல்லது வீடியோ பகுதியில் வி-சிங்க் என்றிருக்கும். அதை 'ஆன்' செய்தால் போதும். காசு செலவில்லை.

குறையும் உண்டு. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையே சற்றுத் தாமதம் ஏற்படலாம். அட்டை வலுவில்லாமல் விநாடிக்கு 60 படம் தர முடியாவிட்டால், புதுக் கடிதம் வராத பிள்ளை பழையதையே மறுபடி வாசிப்பதுபோல், திரையும் பழைய படத்தையே காட்டும். சில விளையாட்டுகளில் வேகம் 30 படங்களுக்கு இறங்கிவிடும். அப்போது விளையாட்டின் படத்தரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம்.

அட்டையின் வேகத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் திரைகளும் வந்துவிட்டன. என்விடியா நிறுவனம் 2013-இல் அறிவித்த ஜி-சிங்க் அத்தகையது. வசதியானதுதான், ஆனால் உங்கள் வீட்டுக்கு இன்று அது அவசியமில்லை.

தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. அம்மாவின் பணப்பையைத் திறக்கச் சொல்லுமுன், செட்டிங்ஸைத் திறந்து பார்!

அடுத்த இதழில் சந்திப்போம்.