முப்பது வயதிலும் மருத்துவம் பயிலலாம். வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்

உறவினரின் படுக்கையருகே கண்விழித்திருக்கும் பொறியாளர்களும் ஆசிரியர்களும், "இனி நான் மருத்துவம் படிக்க இயலுமா, டாக்டர்?" என்று எங்களிடம் கேட்பதுண்டு.

இயலும். நீட் தேர்வுக்கான வயது உச்சவரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலாதவர்கள் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறவும் 2023 முதல் வழியுண்டு.

ஆனால், பயிற்சி மருத்துவராகப் பணியாற்றும் ஓராண்டு உட்படப் படிப்புக்காலம் ஐந்தரை ஆண்டுகள். சிறப்பு மருத்துவராக மேலும் மூன்று. 30 வயதில் சேர்பவருக்கு 38 கடந்துவிடும். அதுவரை வீட்டுக் கடனை அடைப்பது யார்? (இரவுப் பணியும் வயது பார்த்து வருவதில்லை.)

ஆகவே, வேலையில் இருந்துகொண்டே ஒருமுறை தேர்வெழுதிப் பாருங்கள் என்பதே என் கருத்து. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் மதிப்பெண் வந்தால் துணிந்து சேருங்கள். தனியார் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பிள்ளைகளுக்குரிய நிலத்தை விற்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.