கையைக் கட்டச் சொல்லாதீர்கள்

நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒழுங்கின் முதல் பாடமே "கையைக் கட்டி உட்கார்" என்பதுதான். ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவனிடம் நானும் பலமுறை அவ்வாறு சொல்லியிருக்கிறேன். சபைகூடலில் ஒலிபெருக்கி அலறும்போதெல்லாம் அவன் இரு கைகளையும் வேகமாக உதறுவான். அதட்டினால் நிறுத்துவான்; சற்று நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். அடங்காத பிள்ளை என்றே எண்ணினேன். தவறு என்னுடையது.

கை உதறுதல், முன்னும் பின்னும் ஆடுதல், தன்னைத்தானே சுற்றுதல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுதல் ஆகியவை சுயதூண்டல் நடத்தைகள். ஒலியும் ஒளியும் கூட்டமும் நெருக்கும்போது பிள்ளை தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி இது. மகிழ்ச்சி மிகும்போதும் இவை தோன்றும். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 32 பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இவ்வசைவுகள் தங்களை அமைதிப்படுத்துவதாகக் கூறிய அவர்கள், இவற்றை ஒழிக்க முயலும் சிகிச்சைகளை ஏற்கவில்லை.

தலையை மோதிக்கொள்ளுதல், கையைக் கடித்துக்கொள்ளுதல் போன்றவை வேறு. அங்கே தடுப்பது நம் கடமை. அப்போதும் காரணத்தைத் தேடி, தீங்கில்லாத மாற்றுவழியைத் தரவேண்டும். மருத்துவரின் ஆலோசனையையும் பெறவேண்டும்.

பெற்றோர்களே, கோயிலிலும் திருமண மண்டபத்திலும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஆசிரியர்களே, அசைவை அடக்குமுன் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறையுங்கள்.

சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக்கூடாது என்னும் கொள்கை 2019இல் நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. பிள்ளையை ஏற்றுக்கொண்டு அவன் கைகளை மறுப்பது என்ன நியாயம்?